மாற்றுச் சிறுநீரகம் பெற்ற பிள்ளை: வீட்டின் கடமையும் ஊரின் கடமையும்

 

இந்த மாதப் பாடத்தை நம் ஜமாஅத்திலேயே நடந்த ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறோம். குடும்பத்தாரின் சம்மதம் பெற்றே எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்றார்கள். அறிந்தவர்களும் பெயர் சொல்லிப் பேசாமல் படிப்பினையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஆறு வருடங்களுக்கு முன் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒன்றுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. பெற்ற தாய் தன்னுடைய ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தார். ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வாசலில் துண்டு விரித்தோம். வளையலைக் கழற்றிக் கொடுத்த சகோதரிகளும் உண்டு, உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த மக்தப் பிள்ளைகளும் உண்டு. அல்லாஹ்வின் கிருபையால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இதே மடலில் நன்றி அறிவிப்புப் போட்டோம். கணக்கைச் சமர்ப்பித்தோம். அந்தக் கோப்பை மூடி அலமாரியில் வைத்தோம்.

போன வருடம் அந்தப் பிள்ளை மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். காலில் வீக்கம், ரத்த அழுத்தம் அதிகம், ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியிருந்தது. உடம்பு அந்தச் சிறுநீரகத்தைத் தள்ளத் தொடங்கியிருந்தது. போய் விசாரித்தபோதுதான் நடந்தது தெரிந்தது. அத்தா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். வண்டி பழுதாகி இரண்டு மாதம் வருமானம் இல்லை. இரண்டு வேளை மருந்தை ஒரு வேளையாக்கி நாளை ஓட்டியிருக்கிறார்கள். ஏன் நம்மிடம் சொல்லவில்லை என்று கேட்டோம். "ஊரே அள்ளிக் கொடுத்துச்சு. திரும்பவும் எந்த முகத்தோட வந்து நிக்கிறதுண்ணே?" என்றார்.

இந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பல லட்சம் திரட்டிய நாங்கள், ஆறு வருடத்தில் ஒரு முறையாவது "இந்த மாத மருந்து வாங்கியாச்சா?" என்று கேட்டதில்லை. தவறில் டிரஸ்டுக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டுதான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம். அல்ஹம்துலில்லாஹ், சிகிச்சை நேரத்தில் கிடைத்ததால் சிறுநீரகம் காப்பாற்றப்பட்டது. ஆனால் முன்பிருந்த பலம் அதற்கு இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

வாழ்நாள் முழுதும் மருந்து எதற்கு?

"ஆபரேஷன்தான் முடிஞ்சிருச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று பலர் கேட்கிறார்கள். நம் உடலில் அல்லாஹ் ஒரு காவல் ஏற்பாட்டை வைத்திருக்கிறான். வெளியிலிருந்து வரும் கிருமியை அது அடையாளம் கண்டு எதிர்க்கிறது. மாற்று உறுப்பையும் அந்தக் காவல் அந்நியமாகவே பார்க்கும். பெற்ற தாயின் உறுப்பாக இருந்தாலும் அப்படித்தான். அந்தக் காவலைச் சற்றுத் தணித்து வைப்பதற்கே டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசலோன் போன்ற மருந்துகள். அளவு குறைந்தால் உடல் உறுப்பைத் தாக்கும். அளவு கூடினால் கிருமித் தொற்று எளிதில் பிடிக்கும், சிறுநீரகத்துக்கும் கெடுதல். அதனால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்து அளவை மாற்றுகிறார்கள்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். உறுப்பு கெடத் தொடங்கும்போது பெரும்பாலும் வலி இருக்காது. பிள்ளை ஓடியாடிக்கொண்டே இருக்கும், பரிசோதனையில்தான் தெரியும். "நல்லாத்தானே இருக்கா" என்று பரிசோதனையைத் தள்ளிப் போடுவதும் மருந்தைக் குறைப்பதும் ஒன்றுதான். சிறுநீர் குறைவது, முகத்திலோ காலிலோ வீக்கம், திடீரென எடை கூடுவது, காய்ச்சல், மாற்றுச் சிறுநீரகம் வைத்த அடிவயிற்றில் வலி, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும்.

தாய் கொடுத்தது கூடுமா?

இந்தக் கேள்வியை அந்தத் தாயின் காதுபடவே சிலர் கேட்டிருக்கிறார்கள். உலமாக்களிடையே இதில் கருத்து வேறுபாடு இருந்தது உண்மை. 1988-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கொடுப்பவரின் உயிருக்கும் அன்றாட வாழ்வுக்கும் ஆபத்து வராது என்ற நிலையில், விருப்பத்தோடு, விற்பனையாக இல்லாமல் கொடுப்பதை அனுமதித்தது. நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டமும் விற்பனையைக் குற்றமாக்கி, பெற்றோர், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவினர் கொடுப்பதை அனுமதிக்கிறது. மேலும் விளக்கம் தேவைப்படுவோர் ஆலிம்களை அணுகலாம். ஒரு தாய் கொடுத்து முடித்த பிறகு அவர் மனம் நோகப் பேச யாருக்கும் உரிமை இல்லை.

தவக்குலும் மருந்தும்

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்பை விடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் ஒரு கிராமவாசிக்குக் கற்றுத் தந்ததை நம் பிள்ளைகள் மக்தபிலேயே படிக்கிறார்கள். மருந்தை நேரத்துக்குக் கொடுப்பது ஒட்டகத்தைக் கட்டுவது. ஷிஃபா தருவது அல்லாஹ்வின் கையில். ஓதி ஊதிய தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. அது கொதித்து ஆறிய தண்ணீராக இருக்கட்டும், மாத்திரைக்குப் பதிலாக இல்லாமல் மாத்திரையோடு சேர்ந்து இருக்கட்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

1. டாக்ரோலிமஸ் போன்ற மருந்தை 12 மணி நேர இடைவெளியில் கொடுக்கச் சொல்வார்கள். அந்த வீட்டில் ஃபஜ்ருக்குப் பின் ஒரு வேளை, மஃரிபுக்குப் பின் ஒரு வேளை என்று பழக்கியிருந்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஃபஜ்ரிலிருந்து மஃரிப் வரை 12 மணி நேரத்துக்கும் மேல், மஃரிபிலிருந்து ஃபஜ்ர் வரை 12 மணி நேரத்துக்கும் குறைவு. போதாததற்குத் தொழுகை வக்து மாதாமாதம் நகரும். மருந்து வக்து நகரக் கூடாது. காலை 8, இரவு 8 என்பது போல மருத்துவர் சொல்லும் நேரத்தைக் கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், செல்போனில் அலாரம் வையுங்கள்.

2. ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கப் போகும் நாளில், காலை மருந்தைக் கொடுப்பதற்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். கொடுத்துவிட்டுப் போனால் கணக்கு தவறாக வரும். மாத்திரையைக் கையில் கொண்டுபோய், ரத்தம் எடுத்ததும் கொடுங்கள்.

3. மாத்திரை தீரும் வரை காத்திருக்காதீர்கள். பத்து நாள் இருப்பு இருக்கும்போதே வாங்குங்கள். மருந்துக்கடையில் "அதே மருந்துதான், வேற கம்பெனி" என்று கொடுத்தால் மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

4. வாந்தி எடுத்தால் அந்த வேளை மருந்தைத் திரும்பக் கொடுப்பதா என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். வயிற்றுப்போக்கு இந்தப் பிள்ளைகளுக்குச் சின்ன விஷயமில்லை. உடலில் நீர் வற்றும், மருந்தின் அளவும் ரத்தத்தில் ஏறும். உடனே போன் செய்யுங்கள்.

5. வலிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் கேட்டு வாங்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ஆகாது. ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழும் தாயும் இவற்றைத் தவிர்க்க வேண்டும். சில ஆன்டிபயாடிக் மருந்துகள் டாக்ரோலிமஸின் அளவை ஏற்றும், சில இறக்கும். வேறு மருத்துவரிடம் போனால் இந்தப் பிள்ளை மாற்று உறுப்பு பெற்ற பிள்ளை என்று முதலில் சொல்லுங்கள்.

6. கருஞ்சீரகம் நபிமொழியில் சிறப்பித்துச் சொல்லப்பட்டது. ஆனாலும் மருந்தாகத் தினமும் கொடுக்க நினைத்தால் மருத்துவரைக் கேட்டபின் கொடுங்கள். கஷாயம், லேகியம், நாட்டுமருந்து எல்லாவற்றுக்கும் இதே விதி. பம்பளிமாஸ் பழம் இந்த மருந்துகளோடு சேராது.

7. சமைத்த சூட்டோடு உணவு கொடுங்கள். விருந்தில் அப்போது இறக்கிய சூடான பிரியாணி சாப்பிடலாம். மிச்சம் வைத்து மறுநாள் சாப்பிடும் பிரியாணி, தெருவில் நறுக்கி வைத்த பழம், பச்சைத் தண்ணீரில் கரைத்த சர்பத் வேண்டாம். குர்பானி நாளில் பச்சை இறைச்சியைப் பிரிக்கும் இடத்தில் பிள்ளையை உட்கார வைக்க வேண்டாம். வீட்டில் பூனை இருந்தால் அதன் மலத்தை அள்ளும் வேலையை இந்தப் பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது.

8. தட்டம்மை, சின்னம்மை தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்து ஆகியவை உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தவை. மாற்று உறுப்பு பெற்ற பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் இவற்றைப் போடக் கூடாது. வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட தம்பி தங்கை இருந்தால், சொட்டு மருந்து கொடுக்க வருகிறவர்களிடம் விவரத்தைச் சொல்லுங்கள். அந்தக் குழந்தைக்கு ஊசியாகப் போடும் வழி உண்டு. மற்றத் தடுப்பூசிகளை உடன்பிறந்தவர்களுக்குத் தவறாமல் போடுவது இந்தப் பிள்ளைக்கே பாதுகாப்பு.

பள்ளிக்கூடத்தில்

மாற்றுச் சிறுநீரகம் உள்ள பிள்ளைக்குத் தண்ணீர் மருந்து மாதிரி. மருத்துவர் சொன்ன அளவு தண்ணீரைப் பகலில் குடித்தாக வேண்டும். நம் பெண்பிள்ளைகள் பள்ளிக் கழிவறைக்குப் பயந்து காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிப்பதில்லை. இந்தப் பிள்ளையும் கொண்டுபோன பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறாள். அம்மா திட்டுவார் என்று வீட்டு வாசலில் கொட்டிவிட்டு உள்ளே வந்திருக்கிறாள்.

தலைமையாசிரியரையும் வகுப்பாசிரியரையும் நேரில் பார்த்து மூன்று விஷயங்கள் கேளுங்கள். கேட்டவுடன் கழிவறைக்கு விட வேண்டும். வகுப்பில் யாருக்காவது அம்மை கண்டால் அன்றே வீட்டுக்குச் சொல்ல வேண்டும். அடிவயிற்றில் இடிபடும் விளையாட்டு வேண்டாம், மற்றபடி ஓடலாம், விளையாடலாம். நாங்கள் கூடப் போய்ப் பேசினோம். ஆசிரியர்கள் ஒரு கழிவறையின் சாவியை அவளிடமே கொடுத்துவிட்டார்கள். ஆறு வருடமாக யாரும் கேட்காததுதான் குறை.

ரமலானில்

பருவ வயதை அடைந்ததும் பிள்ளைக்கு நோன்பு ஆசை வரும். கூடப் படிக்கிற தோழிகள் நோன்பு வைக்கும்போது தான் மட்டும் சாப்பிட வெட்கப்படும். நோயாளிக்கும் பயணிக்கும் சலுகையைக் குர்ஆனே, நோன்பு கடமையாக்கப்பட்ட இடத்திலேயே தருகிறது. அல்லாஹ் கொடுத்த சலுகையை ஏற்பது ஈமானில் குறை ஆகாது. பகல் முழுதும் தண்ணீர் இல்லாமல் இருப்பதும், மருந்தின் இடைவெளி மாறுவதும் இந்தப் பிள்ளைக்கு ஆபத்தாக முடியலாம். உடல்நிலையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர் கூடாது என்றால் கூடாது. பின்னால் களா செய்வதா, முடியாத நிலையில் ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவு என ஃபித்யா கொடுப்பதா என்பதை, மருத்துவரின் சொல்லோடு ஆலிமிடம் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பிள்ளை ஸஹருக்கு எழுந்து அம்மாவோடு உட்காரட்டும், தராவீஹ் தொழட்டும், நோன்புக் கஞ்சியை அண்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். நமக்கும் ஒரு வேண்டுகோள்: "இன்னைக்கு நோன்பா?" என்று பிள்ளைகளை நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள்.

நோயாளியாக வளர்க்காதீர்கள்

அறுவை சிகிச்சைக்குப் பின் சில வீடுகளில் பிள்ளையைக் கீழே விடுவதில்லை. ஓதப் போக வேண்டாம், வேலை செய்ய வேண்டாம், எது செய்தாலும் கண்டிப்பில்லை. அப்படி வளர்ந்த பிள்ளை பிற்காலத்தில் தன் மருந்தைத் தானே பார்த்துக்கொள்ளாது. தொழுகை, படிப்பு, வீட்டு வேலை, தப்புச் செய்தால் கண்டிப்பு என எல்லாம் மற்றப் பிள்ளைகளைப் போலவே இருக்க வேண்டும். பதினொன்று, பன்னிரண்டு வயதிலிருந்து மாத்திரையின் பெயரையும் அளவையும் சொல்லிக் கொடுங்கள். வாரப் பெட்டியில் மாத்திரையை அவளே அடுக்கட்டும், அம்மா சரிபார்க்கட்டும். பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கை மாற வேண்டும், ஒரேயடியாகக் கைவிடக் கூடாது. மாற்று உறுப்பு பெற்ற பிள்ளைகள் அதிகமாக மருந்தைத் தவறவிடுவது பருவ வயதில்தான் என்பது மருத்துவர்கள் எல்லா நாட்டிலும் கண்டது.

தாய் ஒரு வார்த்தையைத் தவிர்க்க வேண்டும். "உனக்காக என் கிட்னியையே அறுத்துக் கொடுத்தேன், நீ இப்படிப் பண்றியே" என்பது அந்த வார்த்தை. கோபத்தில் வருவதுதான். ஆனால் அது பிள்ளையின் மனதில் அடைக்க முடியாத கடனாக உட்கார்ந்துவிடும். கொடுத்தது அல்லாஹ்வுக்காக என்றால் கூலியும் அவனிடமே.

உடன்பிறந்தவர்களையும் மறக்கக் கூடாது. இந்த வீட்டில் ஓர் அண்ணன் இருக்கிறான். ஆறு வருடத்தில் அவன் படிப்பைப் பற்றி நாம் யாரும் கேட்டதில்லை, "தங்கச்சி எப்படி இருக்கா?" என்று மட்டுமே கேட்டிருக்கிறோம். கொடையாளியான தாய்க்கும் வருடம் ஒருமுறை ரத்த அழுத்தமும் சிறுநீர், ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும். அவர் நான்கு வருடமாகப் போகவில்லை.

மறைத்து வைப்பது

மருந்து தவறியதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. "நாளைக்கு இவளப் பொண்ணு கேட்டு யாரு வருவா?" என்று நன்னி பயந்தார். அதனால் விருந்தாளி வந்தால் மாத்திரைப் பெட்டி அலமாரிக்குள் போய்விடும். நிக்காஹ் வீட்டில், வலீமாவில், நாலு பேர் இருக்கும் இடத்தில் மாத்திரை போடக் கூடாது. வீடு திரும்ப இரவு பதினொன்று ஆகும். பிள்ளை தூங்கிவிடும். பிரெட்னிசலோனால் முகம் உப்பியபோது, "நல்லா சதை போட்டுட்டாளே" என்று விருந்தில் ஒருவர் சிரித்தார். அன்றிலிருந்து அந்த மாத்திரையை அவளே ஒளித்து வைத்தாள்.

திருமணத்தில் மறைப்பது நம் மார்க்கத்திலும் சரியில்லை. சொல்லவேண்டியவர்களிடம் உரிய நேரத்தில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பயத்துக்குக் காரணம் குறைவு. அமெரிக்காவில் 1956-ல் தன் இரட்டைச் சகோதரியிடம் சிறுநீரகம் பெற்ற ஒரு பெண் 1958-லேயே தாயானார். இன்று மாற்றுச் சிறுநீரகத்தோடு எத்தனையோ பெண்கள் மருத்துவரின் ஆலோசனைப்படி, சில மருந்துகளை முன்கூட்டியே மாற்றிக்கொண்டு, குழந்தை பெறுகிறார்கள். 1998-ல் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒரு கைக்குழந்தைக்கு டெல்லியில் தகப்பனாரின் கல்லீரலில் ஒரு பகுதி வைக்கப்பட்டது. இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று அதுதான். அந்தக் குழந்தை வளர்ந்து இன்று ஒரு டாக்டர். மாற்று உறுப்பு ஆயுள் முழுதும் ஓடும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஓடும் வரை பிள்ளை வாழ்வது முழு வாழ்க்கைதான்.

ஊர் செய்ய வேண்டியது

அந்த வீட்டுக்குப் போகும்போது சளி, காய்ச்சல் இருந்தால் போகாதீர்கள். தழும்பைக் காட்டச் சொல்லாதீர்கள். "பாவம்" என்று சொல்லாதீர்கள். உதவ நினைத்தால் பரிசோதனை நாளில் துணைக்குப் போங்கள், அன்று வீட்டில் இருக்கும் மகனுக்குச் சாப்பாடு கொடுங்கள்.

டிரஸ்ட் சார்பில் சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். இனி அறுவை சிகிச்சைக்கு உதவி பெற்ற எந்தக் கோப்பையும் மூடுவதில்லை. மாதம் ஒருமுறை நிர்வாகி ஒருவர் போன் செய்து, மருந்தும் பரிசோதனையும் ஆனதா என்று கேட்பார். அவர்கள் வந்து நிற்க வேண்டியதில்லை, கேட்பது எங்கள் வேலை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாத வீடுகளுக்கு வருமானச் சான்று வாங்கி விண்ணப்பிக்க அலுவலகத்தில் உதவுகிறோம். சிகிச்சை பெறும் மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவில், தொடர் மருந்து எந்த அளவுக்குக் கிடைக்கும் என்று கேட்டுத் தருகிறோம். மீதிக்கு "மருந்து நிதி" என்று தனிக் கணக்கு தொடங்கியிருக்கிறோம். ஜகாத் பணம் என்றால், தகுதியுள்ள குடும்பத்தின் கையிலேயே உரிமையாகச் சேர்ப்போம். ஸதகா பணத்தைக் கடைக்கு நேரடியாகக் கட்டுவோம்.

ஒரே தடவை பெரிய தொகை கொடுக்கும் மனது நம் ஊருக்கு எப்போதும் உண்டு. இந்த நிதிக்குத் தேவை சிறிய தொகை, ஆனால் மாதம் தவறாமல். குறைந்தாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். மாதாமாதம் கொடுக்க முடிந்தவர்கள் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.

போன மாதம் ஒரு வலீமாவில் இரவு எட்டு மணிக்குப் பெண்கள் பகுதியிலிருந்து ஓர் அலாரம் ஒலித்ததாக வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். அந்தப் பிள்ளை பந்தியிலேயே பையைத் திறந்து மாத்திரையை எடுத்திருக்கிறாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தது அவளுடைய நன்னி.

யா அல்லாஹ்! இந்தப் பிள்ளைக்கும், இவளைப் போன்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் நிறைவான ஷிஃபாவைத் தருவாயாக. கொடுத்த தாய்மார்களின் உடலுக்கு ஆஃபியத்தைத் தருவாயாக. தொடங்கிய நன்மையைப் பாதியில் விடாத மக்களாக எங்களை ஆக்குவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.